திரையில் தெரியும் கடைக்கு யார் பொறுப்பு?

சேலத்துக்கு மேற்கே இருக்கும் இளம்பிள்ளை, நெசவுக்கும் சேலை வியாபாரத்துக்கும் பேர்போன ஊர். யூடியூபில் அந்த ஊரின் பெயரைத் தட்டினால் வந்து விழும் வீடியோக்களுக்குக் கணக்கில்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. கையில் மைக்குடன் ஒருவர் கடைக்குள் நுழைவார். இந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது என்பார். கடைக்காரர் ஒவ்வொரு சேலையாக விரித்து முந்தியைக் காட்டுவார், பார்டரைத் திருப்புவார், விலையைச் சொல்லிவிட்டு அடுத்த சேலைக்குப் போய்விடுவார். 'ஒரே ஒரு சேலை எடுத்தாலும் கொரியர் போட்டுவிடுவோம், பிடிச்ச கலரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க' என்று முடியும். திரையின் கீழே ஒரு கைபேசி எண் ஓடிக்கொண்டே இருக்கும். தூத்துக்குடியிலோ தாம்பரத்திலோ அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண், அடுப்பில் வைத்த சோறு வேகுமுன் பணத்தை அனுப்பியிருப்பார். அந்தக் கடைக்காரரை அவருக்குத் தெரியாது. அந்த ஊருக்கு அவர் போனதில்லை. சேலையைத் தொட்டும் பார்க்கவில்லை.

எந்த நம்பிக்கையில் பணம் போகிறது? சமூக ஊடகம் வணிகத்தையும் வாங்குபவரையும் என்ன செய்தது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆசையிலிருந்தே தொடங்குகிறார்கள். தேவையில்லாததை வாங்கவைக்கிறது, அடுத்தவரைப் பார்த்து ஏங்கவைக்கிறது என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால், ஆசையைக் கிளப்புவது பழைய வித்தை. பத்திரிகையும் சினிமாக் கொட்டகை சிலைடும் இலங்கை வானொலியும் தொலைக்காட்சியும் அதை நன்றாகவே செய்தன. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் புதிதாக நடந்தது வேறொன்று. முன்பின் தெரியாத ஒரு விற்பனையாளருக்காக, நமக்குத் தினமும் பார்த்துப் பழகிப்போன ஒரு முகம் ஜாமீன் போடுகிறது. அந்த ஜாமீனை நம்பிக் கோடிக்கணக்கானவர்கள் வாங்குகிறார்கள். பொருள் கெட்டுப்போனால் ஜாமீன்காரர் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் இன்னும் ஒழுங்காக வந்து சேரவில்லை. இந்தத் துறையில் நடந்த ஆய்வுகள், வந்த சட்டங்கள், நம்மூர் அனுபவங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு இதுதான் மையமாகத் தெரிகிறது.

பழைய செல்வாக்கு, புதிய வழி

மனிதர்கள் விளம்பரத்தைவிட மனிதர்களையே நம்புகிறார்கள் என்பது சமூக ஊடகத்துக்கு வெகுகாலம் முன்பே தெரிந்த செய்தி. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் டெகேட்டர் என்ற ஊரில் 1945இல் சுமார் 800 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மளிகைச் சாமான், உடை, சினிமா, பொது விவகாரம் ஆகிய நான்கிலும் யார் சொல்லி மனத்தை மாற்றிக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். அதை வைத்து எலிஹு காட்ஸும் பால் லசார்ஸ்ஃபெல்டும் 1955இல் வெளியிட்ட நூல், வானொலியும் செய்தித்தாளும் நேராகச் சென்று மக்களைத் தாக்குவதில்லை, அவர்களுக்கிடையே இருக்கும் சிலர் வழியாகவே போய்ச் சேருகின்றன என்ற கருத்தை நிலைநிறுத்தியது. எந்தக் கடை மாவு நல்லது என்று சொல்லும் பக்கத்து வீட்டு அக்காவும், எந்தப் படத்துக்குப் போகலாம் என்று சொல்லும் கல்லூரித் தம்பியும் அந்தச் சிலரில் அடக்கம்.

அந்த அக்காவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அவர் சொன்ன கடையில் புழுத்த அரிசி கொடுத்தால் மறுநாள் குழாயடியில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வாய்வார்த்தையின் மதிப்பே அதில்தான் இருந்தது. இன்று அந்த அக்காவின் இடத்தில் ஐந்து லட்சம் பேர் பின்தொடரும் ஒருவர் இருக்கிறார். பேச்சு அதே அக்காவின் பேச்சு, அதே சமையலறை, அதே செல்லச் சலிப்பு. குழாயடி மட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் வேகம் பிடித்த ஆண்டுகளைச் சுலபமாகச் சொல்லலாம். 2016இல் யுபிஐ வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலையை உடைத்தது. 2018 ஜனவரியில் சிறு வியாபாரிகளுக்கென்று வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. படம் காட்டுவதும் பேரம் பேசுவதும் பணம் வாங்குவதும் ஒரே கைபேசிக்குள் அடங்கின. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கடைத்தெருவே அதற்குள் குடிபெயர்ந்தது. வேலையிழந்தவர்கள் ஊறுகாய் போட்டார்கள், கேக் செய்தார்கள், நைட்டி தைத்தார்கள். ஸ்டேட்டஸில் படம் போட்டார்கள். அன்று வீட்டிலிருந்து தொடங்கிய பெண்களில் எத்தனையோ பேர் இன்றும் அதில்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள். கடை வாடகையும் அட்வான்ஸும் கொடுக்க வழியில்லாதவருக்குக் கடை கிடைத்தது என்பது சாதாரண விஷயமில்லை. இந்த ஊடகங்களின் தீமைகளை மட்டும் பட்டியலிடும் கட்டுரைகள் இந்தப் பெண்களைப் பார்ப்பதே இல்லை.

ஊர்ப் பெயருக்கே புதிய வாழ்வு கிடைத்ததும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைக்கும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2018இல் தொடங்கியது. 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. அந்த மகிழ்ச்சியில் அவர்கள் முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ஊரில் விவசாய வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்யலாம் என்று யோசித்துத் தொடங்கிய காரியம் ஒரு தொழிலாக நின்றுவிட்டது.

மீஷோவின் கதை இன்னொரு வகை. 2015இல் தொடங்கிய அந்த நிறுவனம், வீட்டிலிருக்கும் பெண்களை ரீசெல்லர்களாக வைத்து வளர்ந்தது. நிறுவனம் படத்தைக் கொடுக்கும். பெண்கள் அதைத் தம் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, தம் லாபத்தைச் சேர்த்து விற்பார்கள். 2019இல் ஃபேஸ்புக் அதில் முதலீடு செய்தது. இந்தியாவின் ஒரு புதுத்தொழில் நிறுவனத்தில் ஃபேஸ்புக் போட்ட முதல் முதலீடு அது. பிறகு 2021 வாக்கில் நிறுவனம் நேரடியாக வாங்குவோரிடமே விற்கும் சந்தையாகத் தன்னை மாற்றிக்கொண்டது. சொந்தக்காரர்களிடமும் அக்கம்பக்கத்திலும் தம் பெயரைச் சொல்லி அந்தப் பொருள்களுக்குச் சந்தை பிடித்துக் கொடுத்தவர்கள் ரீசெல்லர்கள். அதே வாடிக்கையாளர்கள் செயலியைத் தாமே இறக்கிக்கொண்டபோது நடுவிலிருந்த பெண்ணின் லாபம் கரைந்தது. வணிக முறையில் இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை. ஆனால், ஒருவர் தன் உறவுகளிடம் சம்பாதித்து வைத்திருந்த நம்பிக்கை எப்படி ஒரு தளத்தின் சொத்தாகக் கைமாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

இந்த ஜாமீன் எவ்வளவு பெறும் என்பதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தை மாநில வரித்துறைக் கணக்கிலிருந்து எடுத்து, யெல்ப் என்ற தளத்தில் அவை பெற்ற நட்சத்திர மதிப்பீட்டுடன் ஒப்பிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது. இந்த எண் எல்லாக் கட்டுரைகளிலும் வந்துவிட்டது. அதே ஆய்வின் அடுத்த பாதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அந்த உயர்வு தனி உணவகங்களுக்கு மட்டுமே இருந்தது. ஊர்தோறும் கிளை வைத்திருக்கும் பெரிய சங்கிலி உணவகங்களின் வருமானத்தை நட்சத்திரங்கள் அசைக்கவில்லை.

காரணம் எளிது. பெரிய பெயர் ஏற்கெனவே தனக்குத்தானே ஜாமீன். அங்கே என்ன கிடைக்கும், என்ன ருசி என்று போகிறவருக்குத் தெரியும். பெயர் தெரியாத கடைக்குத்தான் யாராவது முன்நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆக, சமூக ஊடகத்தின் பிடி மிக இறுக்கமாக இருப்பது வாங்குபவருக்கு மிகக் குறைவாகத் தெரிந்த இடத்தில். சின்னக் கடைக்கு அது வரமாவதும் அங்கேதான், ஏமாற்றுபவருக்கு வாசல் திறப்பதும் அங்கேதான்.

நட்சத்திரங்களும் லைக்குகளும் பொருளின் தரத்தைத்தான் சொல்கின்றனவா? மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, சுமார் 14,000 பேரை வெவ்வேறு தனி உலகங்களாகப் பிரித்தார்கள். சிலருக்கு மற்றவர்கள் எத்தனை முறை எந்தப் பாட்டை இறக்கினார்கள் என்ற எண்ணிக்கை தெரியும், சிலருக்குத் தெரியாது. எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் வெற்றிப் பாடல்கள் இன்னும் பெரிய வெற்றி பெற்றன, தோற்றவை இன்னும் தோற்றன. அதைவிட முக்கியம், ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னொன்றில் நடுவில் கிடந்தது. மிக நல்ல பாட்டு படு தோல்வி அடைவதும், மிக மோசமானது உச்சத்துக்குப் போவதும் அபூர்வம். இடைப்பட்ட அத்தனைக்கும் முதலில் வந்த சிலர் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதே தலையெழுத்தானது.

2013இல் அதே இதழில் லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோர் இதை இன்னும் நுணுக்கமாகக் காட்டினார்கள். ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்து, சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில் ஒரே ஒரு பொய் ஆதரவு ஓட்டைப் போட்டார்கள். அந்த ஒற்றை ஓட்டு, கடைசியில் அந்தக் கருத்துகளின் மதிப்பெண்ணைச் சராசரியாக 25 சதவீதம் உயர்த்தியது. பொய் எதிர்ப்பு ஓட்டை மற்றவர்கள் ஓடிவந்து சரிசெய்தார்கள். பொய்ப் பாராட்டை யாரும் சரிசெய்யவில்லை. ஒரு கடை திறக்கும் நாளில் பத்து ஃபுட் விலாகர்களைக் கூப்பிட்டு இலவசமாகப் பிரியாணி போடுவதன் கணக்கு இதில் அடங்கியிருக்கிறது. அந்தப் பத்துப் பேர் பிறகு ஆயிரம் பேரின் நாக்கையே சாய்த்துவிடுகிறார்கள்.

முதல் ஓட்டுக்கு இவ்வளவு விலை என்றால் அதை விற்கவும் ஆள் வருவார்கள். ஷெர்ரி ஹே, பிரெட் ஹாலன்பெக், டேவிடே ப்ராசர்பியோ ஆகியோர், அமேசானில் விற்கும் பொருள்களுக்குப் பொய் விமர்சனம் வாங்கும் ஃபேஸ்புக் குழுக்களைப் பின்தொடர்ந்து 2022இல் எழுதியிருக்கிறார்கள். பொருளை வாங்கி ஐந்து நட்சத்திரம் போட்டால் பணம் திரும்பி வரும். காசு கொடுத்து விமர்சனம் வாங்கும்வரை மதிப்பீடும் விற்பனையும் ஏறின. நிறுத்தியதும் மதிப்பீடு சரிந்தது, உண்மையாக வாங்கியவர்களின் ஒற்றை நட்சத்திரங்கள் பெருகின. ஏமாந்தவர்கள் எழுதிய அந்த ஒற்றை நட்சத்திரங்களே இந்த மோசடிக்குச் சாட்சி.

நம்மூரில் இது இன்னும் கொடூரமான வடிவம் எடுத்தது. கூகுள் மேப்பில் ஓட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் காசு தருகிறோம் என்று டெலிகிராமில் ஆள் பிடிப்பார்கள். முதல் சில நாள்கள் சிறு தொகை நிஜமாகவே வரும். பிறகு 'டாஸ்க்' பெரிதாகும், முன்பணம் கேட்பார்கள், லட்சக்கணக்கில் போய்விடும். இப்படிப் பணத்தை இழந்தவர்களுக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்தான் முதல் கதவு. பொய் விமர்சனம் எழுதுவது ஒரு வேலை என்று படித்த பிள்ளைகளே சந்தேகமில்லாமல் நம்பும் அளவுக்கு அது சகஜமாகிவிட்டது என்பதுதான் இதில் எனக்கு அதிகம் வலிக்கிறது.

விளம்பரத்தின் பலனை அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஃபேஸ்புக்கில் நடந்த 15 பெரிய விளம்பரச் சோதனைகளை வைத்து பிரெட் கார்டனும் சக ஆய்வாளர்களும் 2019இல் காட்டியது இது: விளம்பரம் பார்த்தவர்களையும் பாராதவர்களையும் வெறுமனே ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், பல இடங்களில் பலன் உண்மையைவிட மிகப் பெரிதாகத் தெரிகிறது. எப்படியும் வாங்கவிருந்தவருக்கே விளம்பரத்தைக் காட்டிவிட்டு, விற்பனையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது தளத்துக்குச் சுலபம். பெரிய நிறுவனம் சோதனை நடத்திச் சரிபார்க்க முடியும். தினம் 300 ரூபாய் 'பூஸ்ட்' போடும் டெய்லரிங் கடை அக்காவுக்கு அந்த வசதி கிடையாது.

தொடாமல் வாங்கும் பட்டு

சேலைக்கே திரும்ப வருகிறேன், ஏனென்றால் படத்துக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியை அதைவிட நன்றாகக் காட்டும் பண்டமில்லை. காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலையின் பார்டரை உடலோடு கோத்து நெய்வார்கள். முந்தியைப் பேட்னி போட்டு இணைப்பார்கள். சேலையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தால், விரலை ஓட்டினால், அந்த இணைப்பு தெரியும். ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்தினால் பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும். கடைக்குப் போகும் பாட்டிமார் இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்தார்கள். வீடியோவில் விளக்கு வெளிச்சமும் ஃபில்டரும் ஜரிகையைக் கூட்டிக் காட்டும். 'சாஃப்ட் சில்க்', 'செமி சில்க்', 'ஆர்ட் சில்க்' என்ற பெயர்களில் 'சில்க்' மட்டும் காதில் விழும். அவற்றில் பெரும்பாலானவை பட்டே இல்லை.

விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பது இணையத்துக்கு முன்பும் நடந்ததுதான். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறது. மத்தியப் பட்டு வாரியம் 2004இல் சில்க் மார்க் முத்திரையைக் கொண்டுவந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இந்த முத்திரையும் குறியீடும் துணியில் ஒட்டிய சீட்டை நம்பி ஏற்பட்டவை. முப்பது வினாடி ரீலில் எந்தச் சீட்டும் தெரிவதில்லை, யாரும் கேட்பதுமில்லை. நஷ்டம் வாங்கியவருக்கு மட்டுமில்லை. பத்து, பதினைந்து நாள் உட்கார்ந்து நெய்த சேலையின் விலையை, அதேபோலத் தெரியும் வேறொன்றின் விலையோடு திரையில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நெசவாளி கொள்ளைக்காரனாகத் தெரிகிறார். உண்மையான கைத்தறிக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது.

இன்ஸ்டாகிராம் கடைகளில் ஆர்டர் கொடுத்தவர்களுக்கு ஒரு நிபந்தனை நன்றாகத் தெரியும். 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச். டேமேஜ் இருந்தால் ஓப்பனிங் வீடியோ கட்டாயம். கட், பாஸ் இல்லாமல் எடுக்க வேண்டும்.' பார்சல் வந்ததும் வாங்கியவர் ஒரு கையில் கத்திரிக்கோலும் மறுகையில் கைபேசியுமாக, முகவரிச் சீட்டிலிருந்து கடைசி மடிப்புவரை படம் பிடிக்க வேண்டும். இடையில் போன் வந்து பதிவு நின்றுபோனால் தொலைந்தது. திருட்டுத்தனமாகப் பொருளை மாற்றிவைத்துப் பணம் கேட்பவர்களிடம் பட்டுத்தான் சின்ன விற்பனையாளர்கள் இந்த நிபந்தனைக்கு வந்தார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனாலும் நிலைமையைப் பாருங்கள். விற்றவர் தான் நேர்மையானவர் என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில், வாங்கியவர் தான் திருடவில்லை என்று தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து நிரூபித்துக்கொண்டிருக்கிறார்.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கு ரசீது தராததையும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் காலக்கெடு எதுவும் எழுதியிருக்காவிட்டால் 30 நாளைக்குள் பணத்தைத் திருப்பித்தர வேண்டும். 'நோ ரிட்டர்ன்' என்று பயோவில் எழுதிவைத்ததால் குறையுள்ள பொருளுக்கான பொறுப்பு மறைந்துவிடாது.

வாடகைக்கு இருப்பவர்கள்

சமூக ஊடகத்தில் கடை வைத்தவர் தனக்குச் சொந்தமாக ஒரு வாடிக்கையாளர் கூட்டம் இருப்பதாக நினைக்கிறார். அந்தக் கூட்டத்தின் சாவி அவரிடம் இல்லை. 2013 அக்டோபரில் ஒரு நிறுவனத்தின் ஃபேஸ்புக் பதிவு அதன் பின்தொடர்பவர்களில் சுமார் 12 சதவீதம் பேரை எட்டியது. 2014 பிப்ரவரியில் அது 6 சதவீதமாகிவிட்டது என்று ஓகில்வி நிறுவனம் கணக்கிட்டது. மிச்சமிருப்பவர்களை எட்ட வேண்டுமானால் காசு கட்ட வேண்டும். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் 2023ஆம் ஆண்டு வருமானம் சுமார் 13,500 கோடி டாலர். அதில் ஏறக்குறைய முழுவதும் விளம்பரத்திலிருந்து வந்தது. இலவசமாகக் கொடுத்த இடத்துக்குப் பிறகு வாடகை வசூலிப்பதே அந்தத் தொழிலின் அடிப்படை.

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கில் ஆண்டுக்கணக்கில் ஆள் சேர்த்த சிற்றூர்க் கலைஞர்களும் வியாபாரிகளும் ஒரே இரவில் பூஜ்ஜியத்துக்கு வந்தார்கள். அடுத்த வாரமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. எல்லோரும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்தே சுமார் ஆறு மணி நேரம் படுத்தன. மூன்றும் ஒரே நிறுவனத்தினுடையவை என்பதே அன்றுதான் பலருக்கு உறைத்தது. வாட்ஸ்அப் எண்ணை மட்டும் வைத்து ஆர்டர் எடுப்பவர்கள் வாடிக்கையாளர் பெயர்களையும் எண்களையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது நல்லது என்று அதற்குப் பிறகு நான் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

முன்நின்று சொன்னவரின் பொறுப்பு

பொருளைப் புகழ்ந்து பேசும் இன்ஃப்ளூயன்ஸருக்குப் பொறுப்பு உண்டா? இந்தியாவில் உண்டு. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021 மே மாதம் இன்ஃப்ளூயன்ஸர்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அது துறைக்குள்ளான சுயக் கட்டுப்பாடு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள் சட்டத்தின் பலத்தோடு வந்தவை. பொய்யான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுமுறை 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். பரிந்துரைத்தவரை ஓராண்டுக்கும், திரும்பச் செய்தால் மூன்றாண்டு வரைக்கும் பரிந்துரையே செய்யவிடாமல் தடுக்கலாம். பொருளைப் பற்றி உரிய முறையில் விசாரித்துவிட்டுத்தான் பேசினேன் என்று காட்டினால் அவர் தப்பலாம். 2023 ஜனவரியில் இன்னொரு குறிப்பும் வந்தது. பணமாகவோ பொருளாகவோ ஓசித் தங்கலாகவோ எது வாங்கியிருந்தாலும், கூடுதலாகத் தேடாமலே கண்ணில் படும்படி தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் தமிழ் வீடியோக்களில் நாம் பார்ப்பது என்ன? ஹேஷ்டேக் குவியலுக்குள் ஆங்கிலத்தில் 'கொலாப்' என்று ஒரு சொல் கிடக்கும். இல்லாவிட்டால் மூலையில் சின்ன எழுத்தில் 'பெய்ட் பார்ட்னர்ஷிப்'. பேசுவது முழுக்கத் தமிழ், சிரிப்பும் அழுகையும் தமிழ், இது காசு வாங்கிக்கொண்டு சொல்வது என்ற ஒரு தகவல் மட்டும் ஆங்கிலம். அந்தச் சொல் புரியாத அம்மாதான் அந்த வீடியோவின் இலக்கு என்பது இதைச் செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். விளம்பரத்தின் மொழியிலேயே அறிவிப்பும் புரியும்படி இருக்க வேண்டும் என்பதைக் கறாராக நடைமுறைப்படுத்த வேண்டும்.

முன்நின்று எச்சரித்தவருக்கு என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போர்ன்விட்டாவில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று ஒரு வீடியோ போட்டார். அது நாடெங்கும் பரவியது. நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர் மன்னிப்புக் கேட்டு வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் பேச்சு கைமீறியிருந்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அதே ஆண்டு இறுதியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 100 கிராமுக்கு 37.4 கிராமிலிருந்து 32.2 கிராமாகக் குறைந்தது. 2024 ஏப்ரலில் இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் வைக்கக் கூடாது என்று மத்திய அரசு இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. டப்பாவின் பின்பக்கத்தில் அந்த எண்கள் எப்போதும் அச்சிட்டிருந்தவைதான். ஒருவர் அதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. சமூக ஊடகம் நுகர்வோருக்குச் செய்த நன்மைகளில் இதை நான் முதலாவதாக வைப்பேன். காசு வாங்கிப் புகழ்ந்தவருக்கு வராத வக்கீல் நோட்டீஸ், எண்ணைப் படித்தவருக்கு வந்ததையும் சேர்த்தே நினைவில் வைக்கிறேன்.

2023 நவம்பரில் வந்த 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்கள் 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. 'இன்னும் இரண்டே பீஸ்' என்று பொய் அவசரம் காட்டுவதும், விளம்பரத்தைச் செய்திபோல வேஷம் போட்டுக் காட்டுவதும் அவற்றில் உண்டு. லைவ் சேல் நடத்தும் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எண்ணூறு ரூபாய்ச் சேலைக்காக யார் வழக்குப் போடுவார்கள் என்பார்கள். சட்டம் அந்தக் கஷ்டத்தை ஓரளவு குறைத்திருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். உண்மையான தடை வேறு: பல கடைகளுக்குப் பெயர் உண்டு, முகவரி இல்லை. 2020ஆம் ஆண்டு இணைய வணிக விதிகள் விற்பவரின் முழுப் பெயரையும் முகவரியையும் குறைதீர்க்கும் தொடர்பையும் வெளியிடச் சொல்கின்றன. ஒரு ப்ரமோஷன் வீடியோ எடுக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய மூன்று தகவல்கள் அவையே. கேட்டு அதைத் திரையில் எழுதிப் போடுவதற்கு ஐந்து வினாடி போதும். கோ-ஆப்டெக்ஸ் தன் பட்டுச் சேலைகளில் நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்து விற்றது. துணியை உண்டாக்கியவரே தன் முகத்தோடு முன்நின்றார். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் பக்கங்களில் அந்த அட்டை ரீல் வடிவில் வந்தால் வாங்குபவருக்கும் நெய்பவருக்கும் நடுவில் இருக்கும் இருட்டு கொஞ்சம் குறையும்.

ஒரே வீடியோவை நம்பிப் பலர் ஏமாந்தால் அவர்கள் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கவும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. பொய்யான விளம்பரத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியரிடமே எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம் என்று அதன் 17ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டின் ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. பட்டாவுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் மனு கொடுக்க நிற்கும் அந்த வரிசையில், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த வீடியோவின் இணைப்பையும் அச்செடுத்துக்கொண்டு போய் நிற்கலாம். மனுவில் விற்றவரின் பெயருக்குக் கீழே, அவருக்காகப் பேசியவரின் சேனல் பெயரையும் எழுத வேண்டும்.